திருவல்லிக்கேணி முதல் மெரினா வரை: பெண்களின் தடம் தேடி ஒரு காலை நடை – முழுமையான வழிகாட்டி

ஐஸ் ஹவுஸ் என்றால் சென்னையில் தெரியாதவர்கள் குறைவு. பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டிய கட்டடம் என்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள், 1897-ல் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கிய இடம் என்று சேர்த்துச் சொல்வார்கள். அதே கட்டடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல், கணவனை இழந்த சிறுமிகள் தங்கிப் பள்ளிக்கூடம் போனார்கள் என்பதை நான் கேட்டவர்களில் பத்துக்கு ஒருவர்கூடச் சொல்லவில்லை. பதினோரு வயதில் தானே விதவையான ஒரு பெண்தான் அந்தச் சிறுமிகளை அங்கே கூட்டி வந்தார்.

அந்த ஆதங்கத்தில்தான் நண்பர்களை அழைத்துக்கொண்டு இந்த நடையை ஆரம்பித்தேன். இப்போது வருடத்துக்கு நான்கைந்து முறை போகிறோம். இதை நீங்களே, உங்கள் வீட்டாரோடோ தோழிகளோடோ நடத்த என்னென்ன வேண்டும் என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். மொத்தம் சுமார் 4 கிலோமீட்டர். நின்று பேசி, டிபன் சாப்பிட்டு, ஐஸ் ஹவுஸ் உள்ளே பார்த்து முடிக்க நான்கு மணி நேரம் ஆகும்.

கிளம்பும் முன்

மார்கழி, தை, மாசி மாதங்கள்தான் சரியான காலம். பங்குனிக்கு மேல் கடற்கரைச் சாலையில் பத்து மணி வெயிலில் யாரையும் நிற்க வைத்துக் கதை சொல்ல முடியாது. ஞாயிறு காலை 7 மணிக்குச் சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையத்தில் கூடுங்கள். அதைவிடச் சீக்கிரம் ஆரம்பித்தால் ஐஸ் ஹவுஸ் போய்ச் சேரும்போது கதவு பூட்டியிருக்கும். அங்குள்ள கண்காட்சியின் நேரத்தையும் விடுமுறை நாளையும் முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எட்டு பேர் போதும், பன்னிரண்டு பேர் அதிகபட்சம். திருவல்லிக்கேணித் தெருக்களில் மாடு, ஆட்டோ, பூக்கூடை எல்லாவற்றுக்கும் நடுவே இருபது பேர் நின்றால் பின்னால் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை கேட்காது. வயதான பெண்மணி ஒருவராவது கூட வந்தால் நல்லது. எங்கள் முதல் நடைக்கு ஒரு தோழியின் பாட்டி வந்தார். மருத்துவமனை வாசலில் நான் ஆண்டுக்கணக்குச் சொல்லிக்கொண்டிருக்க, அவர், “என் மூணு பிள்ளையும் இங்கதான் பொறந்துது, ராத்திரி ரெண்டு மணிக்கு ரிக்‌ஷால வந்தேன்” என்றார். எல்லாரும் அவர் பக்கம் திரும்பிவிட்டார்கள். அன்றிலிருந்து நான் குறைவாகப் பேசுகிறேன்.

இன்னொன்று, அனுமதி. கல்லூரி, பயிற்சி நிறுவனம் ஆகியவற்றின் வளாகத்துக்குள் போக வேண்டுமென்றால் இரண்டு வாரம் முன்பே கடிதம் கொடுங்கள். ஒருமுறை நான் சொல்லாமல் கொள்ளாமல் பதினோரு பேரோடு ஒரு வாசலில் போய் நின்றேன். காவலாளி திருப்பி அனுப்பிவிட்டார். அவர் செய்தது சரிதான், தப்பு என்னுடையது. கடிதம் இல்லையென்றால் வெளியே நடைபாதையில் நின்றே பேசலாம்.

சொல்லும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. “முதல் பெண் மருத்துவர், முதல் பெண் பட்டதாரி” என்று பட்டியல் வாசித்தால் மூன்றாவது இடத்திலேயே கேட்பவர்களுக்குச் சலித்துவிடும். ஒவ்வொரு இடத்திலும் மூன்று கேள்விகளுக்கு மட்டும் பதில் தேடுங்கள்: இந்தக் கதவை யார் திறந்தார்கள்? யார் கைகொடுத்தார்கள்? திறந்த பிறகும் யாருக்கு மூடியே இருந்தது? மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

முதல் இடம்: கோஷா ஆஸ்பத்திரி

ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடை. பெயர்ப்பலகையில் அரசு கஸ்தூர்பா காந்தி தாய்சேய் நல மருத்துவமனை என்று இருக்கும். ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், ஒரு நொடி யோசிப்பார். “கோஷா ஆஸ்பத்திரி” என்றால் உடனே வண்டியைத் திருப்புவார்.

கோஷா என்றால் திரைமறைவு. பிற ஆண்களின் முன் வராத பெண்கள், ஆண் மருத்துவர் தொட்டுப் பார்ப்பதைவிடச் சாவதே மேல் என்று இருந்த காலம். 1866-ல் வழக்கறிஞரான கணவரோடு சென்னைக்கு வந்த மேரி ஷார்லிப் இதைக் கண்ணால் பார்த்தார். முதலில் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டார், அது போதவில்லை. 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது அவர்களில் ஒருவரானார். தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த எட்வர்ட் பல்ஃபோர் அதற்கு ஆதரவாக நின்றார். லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டப்படிப்பைத் திறந்துவிட்டது 1878-ல்தான். ஆக, லண்டன் பல்கலைக்கழகம் அந்தக் கதவைத் திறக்கும் முன்பே சென்னையில் பெண்கள் மருத்துவம் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். இதைச் சொல்லும்போது கூட வரும் பெண் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள்.

பிறகு ஷார்லிப் லண்டன் போய்ப் பட்டம் பெற்று, 1883-ல் திரும்பி வந்து, 1885-ல் நுங்கம்பாக்கத்தில் இந்த மருத்துவமனையைத் தொடங்கினார். வெங்கடகிரி ராஜா ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை கொடுத்தார். 1890-ல் சேப்பாக்கத்துக்கு இடம் மாறியது. அன்று அதன் பெயரில், ‘சாதிப் பெண்களுக்கும் (அதாவது சாதி இந்துப் பெண்களுக்கும்) கோஷாப் பெண்களுக்கும்’ என்றே இருந்தது. மூன்றாவது கேள்விக்கான பதில் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

இங்கே பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். வாசலை மறைக்காமல் எதிர்ப்பக்கம் நில்லுங்கள். காலை ஏழேகால் மணிக்கு ஃபிளாஸ்கும் இட்லிப் பொட்டலமுமாக உள்ளே ஓடும் அம்மாக்களையும், நடைபாதையில் துண்டு விரித்து இரவெல்லாம் படுத்திருந்த அப்பாக்களையும் பார்ப்பீர்கள். அவர்களைப் படம் எடுக்க வேண்டாம்.

டிபன்

திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ரத்னா கஃபே. இட்லியின் மேல் சாம்பாரை ஜாடியிலிருந்து ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். கழிப்பறை போக வேண்டியவர்கள் இங்கேயே போய்விடுவது நல்லது, அடுத்த ஒன்றரை மணி நேரத்துக்கு வசதியான இடம் கிடைப்பது சிரமம்.

இரண்டாவது: கோயில் தெருக்களும் எழுதத் தெரியாத எழுத்தாளரும்

பார்த்தசாரதி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் மெதுவாக நடங்கள். மார்கழியாக இருந்தால் திருப்பாவை ஒலிக்கும். முப்பது பாட்டால் ஒரு மாதத்தையே தன்னுடையதாக்கிக்கொண்ட ஆண்டாளுக்கு இந்தக் கோயிலுக்குள் தனிச் சந்நிதி உண்டு. விருப்பமுள்ளவர்கள் உள்ளே போய் வரட்டும்.

நான் இங்கே நின்று சொல்வது வை.மு. கோதைநாயகி அம்மாளின் கதை. 1901-ல் பிறந்தவர். ஐந்தரை வயதில் திருமணம். பள்ளிக்கூடம் கிடையாது. புகுந்த வீடு திருவல்லிக்கேணி. அக்கம்பக்கத்துக் குழந்தைகளைச் சுற்றி உட்கார வைத்துத் தானே இட்டுக்கட்டிக் கதை சொல்வார். அதைக் கேட்டவர்களுக்கு, இதை ஏன் எழுதி வைக்கக் கூடாது என்று தோன்றியது. ஆனால் கோதைநாயகிக்கு அப்போது சரளமாக எழுத வராது! தோழி பட்டம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து எழுத, இவர் வாயால் சொல்லச் சொல்ல ஒரு நாடகம் உருவானது. அதுதான் ‘இந்திர மோகனா’, 1924-ல் அச்சானது.

அடுத்த ஆண்டே ‘ஜகன்மோகினி’ என்ற பத்திரிகையைக் கையில் எடுத்தார். நாவலாசிரியர் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் யோசனை அது. கணவர் பார்த்தசாரதி கடைசிவரை துணை நின்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகை, 115 நாவல்கள், துப்பறியும் கதைகள், கச்சேரி, காங்கிரஸ் மேடைப் பேச்சு. காந்தியைச் சந்தித்த பிறகு பட்டையும் நகையையும் விட்டுக் கதருக்கு மாறினார், சிறைக்குப் போனார், சிறையிலும் எழுதினார்.

இந்தத் தெருக்களில் நிற்கும்போது நான் ஒரு சின்ன வேலை கொடுப்பேன். இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் கதை சொல்ல, இன்னொருவர் அப்படியே எழுத வேண்டும். ஐந்து நிமிடம்தான். எழுதுபவர் கை வலிக்கிறது என்பார், சொல்பவர் அவசரப்படுவார். பட்டம்மாள் எத்தனை நாள் அப்படி உட்கார்ந்திருப்பார் என்பது அப்போதுதான் புரியும். கோதைநாயகியைச் சொல்லும் யாரும் பட்டம்மாளை விடக் கூடாது என்பது என் கட்சி.

பக்கத்திலேயே துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் இல்லம். பாரதி கடைசியாக வாழ்ந்த வீடு. இங்கே வருபவர்கள் எல்லாரும் பாரதியைப் பற்றியே பேசுவார்கள், நீங்கள் செல்லம்மாளைப் பற்றிப் பேசுங்கள். 1921 செப்டம்பரில் பாரதி இறந்தபோது கையில் காசு இல்லை, அச்சேறாத கவிதைகள் கட்டுக்கட்டாக இருந்தன. அடுத்த ஆண்டே ‘பாரதி ஆச்சிரமம்’ என்ற பெயரில் பாடல்களை அவரே வெளியிட முன்வந்தார். பணத்தால் அது நீடிக்கவில்லை. ஆனால் அந்தத் துணிச்சலைப் பாருங்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 1951-ல், திருச்சி வானொலியில் ‘என் கணவர்’ என்ற தலைப்பில் பேசினார். அந்தப் பேச்சு அச்சில் கிடைக்கிறது. ஒரு பத்தியை உங்களில் யாராவது வாசலில் நின்று வாசித்தால் போதும், வேறு விளக்கம் தேவையில்லை.

மூன்றாவது: கண்ணகி சிலையடி

பாரதி சாலை வழியாகக் கிழக்கே நடந்தால் கடற்கரை. அங்கே கையில் சிலம்போடு கண்ணகி. 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த சிலைகளில் ஒன்று. 2001 டிசம்பரில் அகற்றினார்கள், பெரிய சர்ச்சை ஆயிற்று, 2006 ஜூனில் திரும்ப வந்தது. அதே வரிசையில் ஔவையாரும் இருக்கிறார்.

இங்கே அதிகம் பேச வேண்டாம். சாலையின் மறுபக்கம் கையைக் காட்டுங்கள். அந்தச் சிவப்புக் கட்டடம் மாநிலக் கல்லூரி. அங்கே படித்துத்தான் 1911-ல் ஒரு இளம் விதவை பி.ஏ. முடித்தார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவைப் பெண். அவரைத் தேடித்தான் இனி தெற்கே நடக்கப் போகிறோம்.

நான்காவது: ஐஸ் ஹவுஸ்

கடற்கரைச் சாலையில் தெற்கே சில நிமிடம். டாக்டர் பெசன்ட் சாலை வந்து கடற்கரையைத் தொடும் இடத்துக்கு அருகில் நில்லுங்கள். தினமும் பஸ்ஸில் அந்தப் பெயரைப் படிக்கிறோம். 1917-ல் நடந்ததை மட்டும் இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள்: மே மாதம் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடக்கம், அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா மூவரும் அதில். ஜூனில் பெசன்ட் வீட்டுக்காவலில் ஊட்டிக்குப் போனார். டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று சென்னையில் பிரிட்டிஷ் அரசின் இந்திய விவகார அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து ஓட்டுரிமை கேட்டது. அதே மாதம் பெசன்ட் காங்கிரஸ் தலைவரானார். 1921-ல் சென்னை மாகாணம் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. எல்லாப் பெண்களுக்கும் அல்ல, சொத்துத் தகுதி இருந்தவர்களுக்குத்தான்.

அப்புறம் ஐஸ் ஹவுஸ். நடையின் நெஞ்சே இதுதான், நேரத்தை இங்கே தாராளமாகச் செலவழியுங்கள்.

சகோதரி சுப்பலட்சுமி 1886-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். சிறுவயதில் திருமணம், பதினோரு வயதில் கணவர் இறந்துபோனார். வழக்கப்படி மூலையில் உட்கார வைக்காமல் அப்பா சுப்பிரமணிய ஐயர் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். பிறகு எழும்பூர் கான்வென்ட். அங்கே தன்னலமில்லாமல் உழைத்த கன்னியாஸ்திரீகளைப் பார்த்து, தானும் இப்படி வாழலாமே என்று தோன்றியது. மதம் மாறவில்லை, ஆனால் ‘சிஸ்டர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

1912-ல் எழும்பூரில் ஒரு வாடகை வீட்டில் நான்கு பெண்களோடு விடுதி ஆரம்பமானது. பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் அரசாங்கத்தின் உதவியைப் பெற்றுத் தந்தார். வீட்டையும் சமையலறையையும் கட்டிக் காத்தவர் சுப்பலட்சுமியின் சித்தி, அவரும் விதவை. பிள்ளைகள் பெருகப் பெருக இடம் போதவில்லை. கடற்கரையில் யாருக்கும் வேண்டாமல் கிடந்த ஐஸ் ஹவுஸை அரசாங்கம் கொடுத்தது.

உள்ளே போனதும் சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள். பனிக்கட்டி உருகாமலிருக்கக் கட்டிய சுவர், ஒரு முழத்துக்கும் மேல் கனம். வெளியே வெயில் கொளுத்தினாலும் கீழ்த்தளத்தில் குளிர்ச்சி தட்டும். அப்புறம் மேலே ஏறி வளைந்த ஜன்னல் பக்கம் போய் நின்று கடலைப் பாருங்கள். விதவை என்பதால் வீட்டில் கொல்லைப்புறத்தைத் தாண்டாத பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, முதல் நாள் காலை எழுந்து இந்த ஜன்னலுக்கு வந்திருப்பாள் அல்லவா? முன்னால் தடுப்பே இல்லாத கடல். நான் எத்தனை முறை போனாலும் அந்த ஜன்னலருகே பேச்சு நின்றுபோகிறது.

இப்போது மூன்றாவது கேள்வி. அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டுமே. மற்றச் சாதிப் பெண்களோடு சேர்ந்து சாப்பிட வேண்டும் என்றால் குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பாது என்ற கணக்கு அதற்குப் பின்னால் இருந்தது. குடும்பங்களின் ஆசாரங்களை அவர் நேருக்கு நேர் எதிர்க்கவில்லை. படிப்பு ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காமல், மற்றவற்றில் வளைந்து போனார். அது சரியா, தவறா? என் நண்பர்கள் குழுவில் இதுவரை ஒருமித்த பதில் வந்ததில்லை. எனக்கு அவர் மேல் அளவற்ற மரியாதை. ஆனால் இந்தக் கேள்வியை மறைத்து அவரைச் சொன்னால் அந்த மரியாதைக்கு அர்த்தமில்லை என்று நினைக்கிறேன்.

இன்று கட்டடம் விவேகானந்தர் இல்லம். 1997-ல் ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். கண்காட்சியைப் பொறுமையாகப் பார்க்க நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள்.

ஐந்தாவது: லேடி வில்லிங்டன்

கிட்டத்தட்ட அடுத்த வாசல். ஆளுநரின் மனைவி பெயரில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி. 1922-ல் தொடங்கியபோது முதல்வராக இருந்து நடத்தியவர் சுப்பலட்சுமிதான். விடுதியில் படித்த பெண்கள் பக்கத்திலேயே ஆசிரியப் பயிற்சி முடித்து, வெளியூர்ப் பள்ளிகளுக்குச் சம்பளம் வாங்கும் டீச்சர்களாகப் போனார்கள். தங்க இடம், படிப்பு, பயிற்சி, வேலை என்று நான்கையும் ஒரே சாலையில் கோத்துவைத்த திட்டம் அது. பலகையில் வேறொருவர் பெயர் இருக்கிறது, அதனால் நீங்கள் இங்கே ஒரு நிமிடம் நின்று சுப்பலட்சுமியின் பெயரை உரக்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஆறாவது: ராணி மேரி கல்லூரி

ராதாகிருஷ்ணன் சாலையின் முனையைக் கடந்தால் கல்லூரி. மெட்ரோ வேலை நடக்கும் பகுதி, சாலையைக் கடக்கும்போது குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1914 ஜூலையில் ‘மெட்ராஸ் பெண்கள் கல்லூரி’ என்ற பெயரில் தொடங்கியது. சென்னை நகரின் முதல் பெண்கள் கல்லூரி. 1917-ல் பெயர் மாறியது. முதல் முதல்வர் டோரதி டி லா ஹே, 1936 வரை இருபத்திரண்டு ஆண்டுகள். ஹோட்டலாக இருந்த கேப்பர் ஹவுஸில்தான் வகுப்புகள் ஆரம்பமாயின. தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள், இந்திய தேசிய ராணுவத்தின் கேப்டன் லட்சுமி இருவரும் இங்கே படித்தவர்கள்.

நான் இங்கே சொல்ல விரும்புவது 2003. கல்லூரியை இடித்துத் தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அரசு அறிவித்தது. மாணவிகள் வளாகத்தை விட்டு வெளியேற மறுத்து உள்ளேயே உட்கார்ந்தார்கள். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. நீங்கள் நிற்கும் வாசல் அவர்களால் நிற்கிறது. அன்று மாணவியாக இருந்தவர்களுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், உங்கள் தெருவிலேயே ஒருவர் இருக்கக்கூடும். விசாரித்து அழைத்து வாருங்கள்.

தெம்பு இருந்தால்

பெரும்பாலானவர்கள் இங்கேயே முடித்துக்கொள்வார்கள். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்பவர்கள் ராதாகிருஷ்ணன் சாலையில் பஸ் பிடித்து மியூசிக் அகாடமிக்குப் போகலாம். நடக்க வேண்டாம், அந்த வெயிலில் வாதம் செய்யத் தெம்பு இருக்காது. வாதம் செய்யத்தான் அங்கே போகிறோம்.

ஒரு பக்கம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தாய் வழியில் தேவதாசி மரபு. 1912-ல் மருத்துவப் பட்டம், 1927-ல் சென்னை சட்டமன்றத்தில் முதல் பெண் உறுப்பினர். பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதை ஒழிக்கச் சட்டம் கேட்டார். முழுச் சட்டம் வர 1947 ஆயிற்று. மறுபக்கம் பெங்களூர் நாகரத்தினம்மாள். தன் சொத்தைச் செலவழித்துத் திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் கட்டியவர், தங்கள் கலையையும் சொத்துரிமையையும் இந்தச் சட்டம் பறித்துவிடும் என்று சக கலைஞர்களோடு எதிர்த்து நின்றார். அதே மரபில் வந்த பாலசரஸ்வதி 1930-களில் அகாடமி மேடையில் ஆடினார், 1973-ல் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார். அதற்கு ஐந்தாண்டு முன்பு, 1968-ல், அந்தப் பட்டத்தை முதன்முதலில் பெற்ற பெண் எம்.எஸ். சுப்புலட்சுமி.

குழுவை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி முத்துலட்சுமிக்காகப் பேசட்டும், மறுபாதி நாகரத்தினம்மாளுக்காக. பத்து நிமிடம் கழித்துப் பக்கம் மாறச் சொல்லுங்கள். இரண்டு பேருமே தங்கள் பெண் பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றித்தான் பேசினார்கள் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

திரும்பும் வழி

ராணி மேரியோடு முடிப்பவர்கள் கலங்கரை விளக்கம் ரயில் நிலையத்துக்கு நடந்து விடலாம். அங்கிருந்து இரண்டாவது நிறுத்தம் சேப்பாக்கம், வண்டியை அங்கே நிறுத்தியவர்களுக்கு வசதி. ரயில் உயரத்தில் ஓடும், ஜன்னல் பக்கம் உட்காருங்கள். திருவல்லிக்கேணியின் மொட்டை மாடிகள், காயும் புடவைகள், தண்ணீர்த் தொட்டிகள் எல்லாம் கீழே போகும். போன தடவை எங்களோடு வந்த பத்து வயதுப் பெண் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, “இதுல பட்டம்மாள் வீடு எதுக்கா?” என்று கேட்டாள்.